கலெக்டர் இல்லாத ஊர்

1

இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் தெருமுனை சிக்னலில், ரோட்டைக் கடக்கிறவர்களுக்கான நேரத்தைக் கூட்டிவிட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள், கம்பத்தடியில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள், எதையோ தட்டினார்கள், மூடிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இதற்காக நான் போய் நிற்காத இடமில்லை, படாத அவமானமில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது ஒரு சேதியாகவே படாது. நாமக்கல்லில் ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் கையை நீட்டிக்கொண்டு நடந்துவிடுவோம். லாரிக்காரன் திட்டுவான், ஆனால் பிரேக் போட்டுவிட்டுத்தான் திட்டுவான். இங்கே, சான் பிரான்சிஸ்கோவின் தெற்கு ஓரத்தில், எங்கள் வீட்டு முன்னால் போகிற ரோடு அகலமானது. நடக்கிற வெள்ளைப் பொம்மை தெரியும்போது இறங்கினால், சிவப்புக் கை சிமிட்டி முடிவதற்குள் அந்தப் பக்கம் ஏறிவிட வேண்டும். என் மனைவி மல்லிகாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவளால் முடியாது. ஒரு நாள் நடு ரோட்டில் மாட்டிக்கொண்டாள். இரண்டு பக்கமும் கார்கள் போக, கையில் சாப்பாட்டுப் பையோடு அப்படியே நின்றிருக்கிறாள். அடுத்த சிக்னலில் திரும்பி வீட்டுக்கு வந்தவள், அதற்கப்புறம் அந்த ரோட்டில் கால் வைக்கவில்லை.

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பஸ் நிறுத்தம் இருக்கிறது. அதில் ஏறினால் மாநகர ஆட்சி நடக்கிற சிட்டி ஹாலுக்குக் கொஞ்சம் தள்ளி இறங்கலாம். எங்கள் ஒரே மகள் நித்யா அங்கேதான் வேலை பார்க்கிறாள். புதன்கிழமை தவறாமல் மல்லிகா எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். அம்மாவும் மகளும் சிட்டி ஹால் எதிரே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நித்யா வாரத்தில் அவளுக்குக் கொடுத்தது அந்த அரை மணி நேரம்தான். நான் தெற்கே, கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கிற சவுத் பேயில் வேலை பார்க்கிறவன், காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டியபின்தான் வீடு. ஊபர் போட்டுத் தருகிறேன் என்றால், "மொகம் தெரியாதவன் காருல எல்லாம் நான் ஏற மாட்டனுங்க" என்பாள். ஆக, சிக்னல் என்றால் எங்கள் வீட்டில் மகள் என்று அர்த்தம். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2

இந்த ஊரின் ஆட்சி முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்த கோமாளித்தனம் உங்களுக்குப் புரியாது.

முன்னால் நாங்கள் லிவர்மோரில் இருந்தோம். அங்கே இந்தக் குழப்பம் இல்லை. ஊருக்கு ஒரு மேயர், ஒரு கவுன்சில். அதற்கு வெளியே மாவட்டம் தனி, அதன் ஆட்கள் ஓக்லாந்தில் உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் நகராட்சி ஆபீஸ் ஒரு பக்கம், கலெக்டர் ஆபீஸ் ஒரு பக்கம் இருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ மட்டும்தான் இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட ஊர். மாநகரமும் அதுவே, மாவட்டமும் அதுவே. ஊர் எல்லை முடிகிற இடத்தில் மாவட்டமும் முடிந்துவிடும்.

நித்யாவுக்கு அங்கே வேலை கிடைத்த புதிதில், லிவர்மோர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து இதை எனக்கு விளக்கினாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் வராது. மேயர் ஒருவர், ஊர் முழுக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. பெரும்பாலான இலாகாக்கள் அவர் கையில். அவருக்கு எதிரே பதினோரு சூப்பர்வைசர்கள், ஒரு வட்டாரத்துக்கு ஒருவர். சூப்பர்வைசர் என்றதும் எனக்கு நூல்மில்லில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிபவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். இவர்கள் அப்படியில்லை. மற்ற ஊர்களில் நகரக் கவுன்சிலர் செய்கிற வேலையையும் மாவட்ட உறுப்பினர் செய்கிற வேலையையும் இங்கே இந்தப் பதினோரு பேரே செய்கிறார்கள். ஒரே நாற்காலி, இரண்டு தொப்பி.

ஆனால் போலீஸ் தனி, ஷெரிஃப் தனி. தெருவில் நிற்பவர் போலீஸ் ஆள். மாவட்டச் சிறையைப் பார்த்துக்கொள்வதும், சிட்டி ஹால் வாசலில் நம் பையை எக்ஸ்ரேயில் விடுவதும் ஷெரிஃப் ஆட்கள். ஷெரிஃபை ஜனங்களே தேர்ந்தெடுக்கிறார்கள், மேயரால் அவரை மாற்ற முடியாது. வீட்டு வரிக்கு மதிப்புப் போடுகிறவரும் அப்படித்தான், அரசு வக்கீலும் அப்படித்தான். பள்ளிக்கூடங்களுக்குத் தனி போர்டு. பஸ்ஸுக்கும் சிக்னலுக்கும் இன்னொரு போர்டு. அதன் உறுப்பினர்களை மேயர் நியமிப்பார், பதினோரு பேர் சம்மதிக்க வேண்டும். சம்மதித்துவிட்டால் அப்புறம் சிக்னல் விஷயத்தில் பதினோரு பேரும் உத்தரவு போட முடியாது, கேட்டுப் பார்க்கலாம். விமான நிலையம் இந்த ஊருடையது, ஆனால் இருப்பது பக்கத்து மாவட்டத்தில்.

"சரி, கலெக்டர் யாரு?" என்று கேட்டேன்.

"அப்படி யாரும் இல்லை அப்பா. எல்லாருக்கும் மேலே ஒருத்தர் என்று யாரும் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதுதான் இதன் அழகு என்றாள். எனக்கு அதில் அழகு ஒன்றும் தெரியவில்லை. எல்லாருக்கும் மேலே ஒருவர் இல்லை என்றால், ஒரு கஷ்டம் வந்தால் யார் காலில் போய் விழுவது?

அவள் வேலை அந்தப் பதினோரு பேர் கூடுகிற சபையின் எழுத்தர் அலுவலகத்தில். தீர்மானங்களைப் படிப்பது, ஓட்டுக்குப் பேர் கூப்பிடுவது, பேச வருகிற பொதுமக்களை வரிசையாக விடுவது. பதினோரு பேரில் யாருடைய ஆளாகவும் இருக்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. மகள் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறாள் என்று நான் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று லிவர்மோர் வீட்டை விற்றோம். கோயில் பக்கம், தெரிந்த முகங்கள் பக்கம், நல்ல வெயில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பாதி நாள் பனிமூட்டத்தில் கிடக்கிற இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தோம்.

வந்த மறு வருஷம் அவளுக்குக் கல்யாணம். அதுவும் அதே சிட்டி ஹாலில்தான். ஏனென்றால் அது மாவட்ட ஆபீசும் கூட, கல்யாணத்தைப் பதிவு செய்வது மாவட்டத்தின் வேலை. பெரிய மாடிப்படிக்கு மேலே, வட்டமான கூரைக்குக் கீழே நின்று, ஒரு அம்மாள் நாலு நல்ல வார்த்தை சொல்ல, ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரத்துக்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. படியில் வெள்ளை கவுனோடு இன்னும் மூன்று மணப்பெண்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். ராசிபுரத்திலிருந்து வீடியோவில் பார்த்த என் பெரியண்ணன், "எப்படா ஆரம்பிக்கிறாங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை டேனியல் தங்கமான பையன், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கு வேலை ஓக்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றில். அதனால் கல்யாணமானதும் நித்யா ஓக்லாந்துக்குக் குடிபோனாள். நாங்கள் எந்த மாவட்டத்தை விட்டு அவளுக்காக வந்தோமோ, அந்த மாவட்டத்துக்கே போய்விட்டாள். எங்களுக்கு மிச்சமானது புதன்கிழமை பெஞ்சு.

அந்தப் பெஞ்சுதான் சிக்னலால் போயிற்று.

3

முறைப்படி முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஊர்க் குறைகளைச் சொல்வதற்கென்று ஒரு தொலைபேசி எண் இருக்கிறது, அதில் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஒரு எண்ணைக் கொடுத்தார்கள். ஆய்வு செய்து சொல்வோம் என்றார்கள். ஆய்வு என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்கு என்ன தோன்றும்? கிணற்றில் போட்ட கல் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பெரியண்ணன் கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஆபீசில் யாரைப் பிடித்தால் எது நடக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை போனில் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ஏஞ்சாமி, பொண்ணு உள்ளுக்குள்ளயே உக்காந்திருக்கறா. நீ போன் போட்டு நம்பர் வாங்கிட்டுக் கெடக்கறயா?"

"அவகிட்ட சொன்னா, அது என் வேலையில்லப்பாங்கறாளுங்ண்ணா."

"அவளை எதுக்குடா கேக்கற? உங்க வட்டாரத்து மெம்பரைப் போய்ப் பாரு. வெறுங்கையோட போகாத. ஒரு துண்டைப் போத்தி, நம்ம கஷ்டத்தைச் சொல்லி, கடைசியா இன்ன பொண்ணோட அப்பன் நானுன்னு ஒரு வார்த்தை போட்டு வெச்சிரு. மத்ததை அவியளே பாத்துக்குவாங்க."

அண்ணன் சொன்னது எனக்குத் தப்பாகவே படவில்லை. இன்றைக்கும் பாதி மனசுக்குப் படவில்லை. துண்டு போர்த்துவது மரியாதை. மகள் பேரைச் சொல்வது நான் யார் என்று சொல்வது. தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு வருஷம் தலைவராக இருந்தபோது ஈரோட்டிலிருந்து வரவழைத்த பொன்னாடைகளில் மிச்சம் ஒரு பெட்டி கராஜில் கிடந்தது. ஜரிகை மங்காததாக ஒன்றை எடுத்து, மல்லிகாவிடம் கொடுத்து மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணச் சொன்னேன். ஒரு எலுமிச்சம்பழத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். லீவு போட்டுவிட்டுச் சிட்டி ஹாலுக்குக் கிளம்பினேன்.

எங்கள் வட்டாரத்துச் சூப்பர்வைசர் ஆபீசில் இல்லை. அவருடைய உதவியாளர், முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். மல்லிகாவின் முழங்காலைப் பற்றி அக்கறையாக இரண்டு கேள்வி கேட்டாள். சிக்னல் எங்கள் கையில் இல்லை, போக்குவரத்து போர்டுக்கு எழுதுகிறோம் என்றாள். ரொம்ப நல்ல பெண். அந்த நல்ல குணத்தில் மயங்கித்தான் நான் பையைத் திறந்தேன்.

பொன்னாடையைப் பார்த்ததும் "அழகாக இருக்கிறது" என்றாள். "ஆனால் நாங்கள் வாங்கக் கூடாது."

நம் ஊரில் வேண்டாம் என்றால் இன்னொரு தரம் வற்புறுத்த வேண்டும் என்றுதானே அர்த்தம்? வற்புறுத்தினேன். மறுபடி வேண்டாம் என்றாள். மேசைமேல் வைத்து, அதன்மேல் எலுமிச்சம்பழத்தையும் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்திருக்கும்போது அண்ணன் சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் போட்டு வைத்தேன். "எழுத்தர் அலுவலகத்தில் இருக்கிறாளே நித்யா, அவள் என் மகள்தான்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு மாறவில்லை. பேனாவை மட்டும் கீழே வைத்துவிட்டாள்.

4

அன்று சாயங்காலமே நித்யாவின் போன் வந்தது. வார நாளில் அவளாகக் கூப்பிட்டதில் மல்லிகாவுக்கு ஒரே சந்தோஷம். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, என் கட்டடத்துக்கு ஷால் கொண்டுவந்தீங்களா?" இதை மட்டும் தமிழில் கேட்டாள். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அவளிடமிருந்து வந்த முழுத் தமிழ் வாக்கியம். அது இதற்காக வர வேண்டுமா?

மற்றதெல்லாம் ஆங்கிலத்தில். விஷயம் அவள் காதுக்கு வந்ததும் அவளே தன் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அதை எழுதி வைத்துக்கொண்டார்களாம். பெரிய தப்பாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் இனி அந்த வட்டாரத்து விஷயம் எது வந்தாலும் அவள் தள்ளி நிற்க வேண்டும். பதினோரு பேரும் என்னை நம்ப வேண்டிய இடத்தில், ஒருத்தருக்கு என் அப்பா பரிசு கொடுத்திருக்கிறார் என்றாள்.

"பரிசில்ல கண்ணு, அப்பா மருவாதைக்குத்தான் கொண்டுபோனாரு" என்றாள் மல்லிகா.

"அதற்கு இங்கே வேறு பேர் இருக்கிறது அம்மா."

எனக்குச் சுருக்கென்றது. "உன்னோட பேரைச் சொல்றதுக்குக்கூட எனக்கு உரிமையில்லையா?" என்று கத்திவிட்டேன்.

நித்யா நிதானமாகச் சொன்னாள். அந்தக் கட்டடத்துக்குள் நான் யாருடைய மகளும் இல்லை அப்பா. உங்களுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை சபை கூடும், பொதுமக்கள் பேச நேரம் உண்டு. எல்லாருக்கும் உள்ளதுபோல் உங்களுக்கும் இரண்டு நிமிடம் உண்டு. வந்து பேசுங்கள்.

பொன்னாடையை அவளே கேட்டு வாங்கி எங்களுக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். நேரில் கொண்டுவந்து கொடுத்திருந்தால் ஒரு வாய் காபியாவது குடித்துவிட்டுப் போயிருப்பாள். உறையைப் பிரித்த மல்லிகா, "எலுமிச்சம்பழத்தைக் காணோமுங்க" என்றாள்.

5

நான் சபைக்குப் போனது சிக்னலுக்காக என்று சொன்னால் பொய். கோபத்தில் போனேன். யாருடைய அப்பாவாகவும் இல்லாமல், இந்த ஊர்க் குடிமகனாக நிமிர்ந்து நின்று பேசிக் காட்டுகிறேன் பார் என்று போனேன். பேச்சை எழுதி, கம்பெனி பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தேன். சபை நடப்பதை நகரத்தின் சொந்த டிவி சேனலில் நேரடியாகக் காட்டுவார்கள். மல்லிகா மத்தியானமே சமையலை முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

சபை கூடுகிற அறை முழுக்க மரவேலைப்பாடு. மேடையில் வரிசையாகப் பதினோரு பேர். அவர்களுக்குக் கீழே எழுத்தர்களின் மேசை. பேச்சாளர் வரிசையைக் கவனிக்கிற பொறுப்பு அன்றைக்கு நித்யாவுக்கு. கறுப்புக் கோட்டு போட்டிருந்தாள், தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். விதிகளைப் படித்தாள். சபை முழுவதையும் பார்த்துத்தான் பேச வேண்டும், தனி ஒருவரைப் பார்த்துப் பேசக் கூடாது. கைதட்டக் கூடாது. ஒருவருக்கு இரண்டு நிமிடம். முடியப் போகும்போது மெதுவாக ஒரு மணி அடிக்கும். தெளிவான, கனத்த குரல். நம் வீட்டுப் பெண்ணின் குரலா என்று இருந்தது.

எனக்கு முன்னால் ஒரு அம்மாள் வாடகையைப் பற்றிப் பேசினாள். ஒருவர் பூங்காவில் நாய்களைப் பற்றிப் பேசினார். யாருக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. அதுவும் விதியாம். பொதுமக்கள் பேசுவதைக் கேட்டுக்கொள்வார்கள், பதில் சொல்ல மாட்டார்கள்.

என் முறை வந்தது. மைக்கைப் பிடித்தேன்.

தமிழ்ச் சங்க மேடையில் பேசிப் பழகிய நாக்கு. எழுதி வைத்ததெல்லாம் ஒரு பக்கம் இருக்க, அது தன் வழியில் போய்விட்டது. மதிப்பிற்குரிய சபைத் தலைவர் அவர்களே என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். மதிப்பிற்குரிய சூப்பர்வைசர்களே என்றேன். அப்புறம் அதிகாரிகள், பத்திரிகை நண்பர்கள், இங்கே கூடியிருக்கும் பெரியோர்கள், தாய்மார்கள். ஒருவரையும் விடவில்லை. இந்த வாய்ப்பைக் கொடுத்ததற்கு நன்றி சொன்னேன். நான் எந்த ஊரிலிருந்து வந்தவன், இந்த மாநகரத்தின்மேல் எனக்கு எவ்வளவு மதிப்பு என்று சொன்னேன். மல்லிகாவின் முழங்காலுக்கு நான் வந்து சேர்ந்தபோது மணி அடித்துவிட்டது.

மணி அடித்ததும் ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. என் மனைவி, ரோடு, பஸ், மகள் என்று துண்டு துண்டாக ஏதோ சொன்னேன். எந்த ரோடு, எந்த முனை என்று இன்னும் சொல்லவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. சபையைப் பார்க்க வேண்டியவன் குனிந்து எழுத்தர் மேசையைப் பார்த்துவிட்டேன்.

"கண்ணு, இன்னும் ஒரு நிமிசம்" என்றேன், தமிழில், மைக்கிலேயே.

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. "தேங்க் யூ ஃபார் யுவர் காமென்ட்ஸ்" என்றாள். மைக் அணைந்தது. "நெக்ஸ்ட் ஸ்பீக்கர், ப்ளீஸ்."

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு முன்னால் பேசியவருக்கும் அதேதான், பின்னால் பேசியவருக்கும் அதேதான். எல்லாருக்கும் ஒரே அளவு. அவள் ஒரு விநாடி தடுமாறியிருந்தால் போதும், நான் இந்த ஊரையே மன்னித்திருப்பேன். தடுமாறவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது ஒரு மணப்பெண் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள், நான் குறுக்கே போய்விடக் கூடாது என்று ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது.

6

வீட்டுக்கு வந்தபோது மல்லிகா இன்னும் டிவி முன்னால்தான் இருந்தாள். மானம் போயிற்று என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நீங்க தமிழ்ல பேசுனப்ப கீழ எழுத்து ஓடுச்சுங்க" என்றாள். "வேற மொழியில பேசறாருன்னு போட்டாங்க."

"வேற என்ன பாத்த?"

"அவ எளச்சுட்டாளுங்க. கழுத்தெலும்பு தெரியுது. காது வெறும் காதா இருக்குது." டிவியை அணைத்துவிட்டு, "பாத்து எத்தனை நாளாச்சு" என்றாள்.

இதற்கப்புறம்தான் சிக்னல் சரியானது. அந்த உதவியாளர் எழுதினாளா, எழுதினாலும் அதற்கு மதிப்பிருந்ததா, தெரியாது. நான் பேசியதால் நிச்சயமாக இல்லை, எந்த முனை என்றே நான் சொல்லவில்லை. வந்த மின்னஞ்சலில் இருந்தது நான் முதன்முதலில் போனில் வாங்கிய அந்த எண்தான். உங்கள் கோரிக்கை ஆய்வு செய்யப்பட்டது, நேரம் கூட்டப்படுகிறது. அவ்வளவுதான். யாரையும் பிடிக்கவில்லை, யாரும் யாருக்காகவும் செய்யவில்லை. வரிசையில் எங்கள் முறை வந்தது, நடந்தது. ராசிபுரத்தில் பெரியண்ணன் மட்டும், தான் சொன்ன யோசனையால்தான் நடந்தது என்று இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் மறுக்கவில்லை. கொண்டுபோன துண்டு தபாலில் திரும்பி வந்த கதையை அவரிடம் எப்படிச் சொல்வது?

சிக்னல் மாறிய அன்றைக்கே மல்லிகா என் கையைப் பிடிக்காமல் ரோட்டைக் கடந்து பார்த்தாள். அந்தப் பக்கம் ஏறி நின்று, சிவப்புக் கை இன்னும் சிமிட்டிக்கொண்டிருப்பதைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இந்த வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த வேகத்தில் உருளைக்கிழங்கை எடுத்து வெளியே வைத்துவிட்டு நித்யாவுக்குப் போன் போட்டாள்.

"கண்ணு, ரோடு சரி பண்ணிட்டாங்க. புதங்கெழமை நான் வாரேன்."

நித்யா காரில் போய்க்கொண்டிருந்தாள் போல, இரைச்சல் கேட்டது. சந்தோஷம் அம்மா, ரொம்ப நல்ல சேதி என்றாள். அப்புறம், புதன்கிழமை இனிமேல் சரிப்படாது என்றாள். வேலையையும் குடும்பத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது, அந்தக் கட்டடத்துப் பக்கம் வேண்டாம், நான் ஒரு நாள் வீட்டுக்கு வருகிறேன் என்றாள். எந்த நாள் என்று சொல்லவில்லை.

"பெஞ்சில உக்காந்து சோறு திங்கறது என்ன சாமி ஆபீஸ் வேலையா?" என்று கேட்டாள் மல்லிகா. போன் ஏற்கெனவே அந்தப் பக்கம் வைத்தாகிவிட்டது.

ஆக, எல்லாம் தனித்தனி. போலீஸ் தனி, ஷெரிஃப் தனி, சிக்னல் தனி, பள்ளிக்கூடம் தனி. மாநகரத்தையும் மாவட்டத்தையும் ஒன்றாகக் கட்டிய இந்த ஊரில் என் மகள் வேலையையும் எங்களையும் பிரித்து வைத்துவிட்டாள். அதை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்க ஒரு போர்டும் இல்லை. சிக்னல் கெட்டிருந்தவரைக்கும் அதன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தோம்.

இப்போது செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சீரியல் கிடையாது. மல்லிகா சபையைப் பார்க்கிறாள். தீர்மானமும் திருத்தமும் அவளுக்கு ஒன்றும் புரியாது. எழுத்தர் மேசை எப்போது தெரியும் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். சில வாரம் நித்யாவின் குரல் மட்டும் கேட்கும். அன்றைக்கு, "சளி புடிச்சிருக்குதுங்க, கொரல் கம்முது" என்று எனக்கு ஆபீசுக்குப் போன் வரும்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள். "ஏனுங்க, இந்த ஊர்ல வேற ஒண்ணும் குறை இல்லீங்களா?"

"எதுக்கு?"

"நீங்க பேசுனப்ப அவ உங்களையேதான பாத்துட்டு இருந்தா. ரெண்டு நிமிசம் முழுசா. நம்மள அவ அப்படிப் பாத்து எத்தனை வருசமாச்சு? மறுபடியும் போய் எதையாச்சும் பேசிட்டு வாங்களேன்."

அவள் பார்த்தது அப்பாவை இல்லை, நேரத்தை என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்திருக்கிறது, பஸ் நிறுத்தத்தில் விளக்கு சரியாக எரிவதில்லை என்று யோசித்துச் சொன்னேன். அதைப் போனில் சொன்னாலே சரி செய்துவிடுவார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

"போன்ல சொல்லீராதீங்க" என்றாள் மல்லிகா அவசரமாக.

வருகிற செவ்வாய்க்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தமுறை மதிப்பிற்குரியவர்கள் யாரும் இல்லை, நேரே விளக்குக்குப் போய்விடலாம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மல்லிகாவுக்கு அது பிடிக்கவில்லை.

"சீக்கிரம் முடிச்சீராதீங்க. மணியடிச்சாலும் நிறுத்தாம பேசுங்க. நீங்க நிறுத்துலீன்னா, அவ எதாச்சும் பேசித்தான ஆவோணும்."